எட்டரைக்குத் திறக்கும் கதவு

அவர் முதலில் பார்த்தது கழிப்பறையை. மாடிப்படி ஏறி வந்தவர், நாங்கள் ஆசை ஆசையாக வரைந்து வைத்திருந்த சுவர் ஓவியத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "லேடீஸ் பாத்ரூம் எங்கீங்க இருக்குது?" என்றார். காட்டினேன். உள்ளே போய் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார், ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தார். மகள் சங்கடத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

2018 ஜூன் மாதம். அவருக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. மகளுக்கு வெளிநாட்டுக் கம்பெனியில் வேலை. கம்ப்யூட்டரும் நெட்டும் இருந்தால் எங்கிருந்தும் செய்யலாம். தோட்டத்து வீட்டில் நெட் நிற்பதில்லை. கோவை பீளமேட்டில் ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு, மேசையும் நெட்டும் மாத வாடகைக்கு விடுகிற எங்கள் கோவொர்க்கிங் ஸ்பேஸில் பகலில் உட்கார்ந்து வேலை செய்கிறேன் என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று அப்பா கிளம்பி வந்துவிட்டார்.

"சாயங்காலம் எத்தன மணிக்குங்க சாத்துவீங்க?"

"எட்டு மணிக்குங்க."

"சாவி யாருகிட்ட இருக்கும்?"

"என்கிட்டத்தானுங்க. காலைல எட்டரைக்கு நான்தான் வந்து திறப்பேன்."

"இதுக்கு முன்னால என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"பிரவுசிங் சென்டர் வச்சிருந்தேனுங்க. பத்து வருஷம்."

அவர் முகம் மாறிவிட்டது. ஏன் மாறியது என்று எனக்குத் தெரியும். ஆளுயரத் தடுப்பும் திரைச்சீலையும் போட்டு, மணிக்கணக்கில் அறை வாடகைக்கு விடுவது போல நடந்த பிரவுசிங் சென்டர்களால் அந்தத் தொழிலுக்கே கெட்ட பெயர். என் கடையில் தடுப்பு நாலடிதான். கல்லூரி முடிந்து என் தங்கை கல்லாவில் வந்து உட்காருவாள். அவள் கண்ணுக்குக் கடை முழுதும் தெரிய வேண்டும் என்று தச்சரிடம் சொல்லி அப்படி அடித்தேன். 2011இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தபோது தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது, வருகிறவர்களின் பதிவேட்டை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்றார்கள். நான் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இதை அவரிடம் சொன்னேன். பழைய பதிவேடு ஒன்று அலமாரியில் இருந்தது, அதையும் எடுத்துக் காட்டினேன். நாலைந்து பக்கம் புரட்டினார். பிறகு மகளைப் பார்த்து, "சேந்துக்க அம்மிணி" என்றார்.

அன்று ராத்திரி வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். மருந்துக்கடை வைக்க டி.ஃபார்ம் படித்த ஆள் வேண்டும். கார் ஓட்ட லைசென்ஸ் வேண்டும். இந்தத் தொழிலுக்கு மாநகராட்சி உரிமம், ஜி.எஸ்.டி. பதிவு, தீயணைப்புத் துறைக்கான ஏற்பாடுகள், ரெண்டல் அக்ரிமென்டில் உள்வாடகைக்கு விட ஓனரின் எழுத்துப்பூர்வ சம்மதம் எல்லாம் வேண்டும். ஆனால் இவற்றில் ஒன்றுகூட, நடத்துகிற ஆள் எப்படிப்பட்டவர் என்று கேட்பதில்லை. அதைக் கேட்ட முதல் ஆள் அந்தத் தென்னந்தோப்புக்காரர்தான்.

இதை ஆரம்பித்தவருக்கும் இந்தத் தொழிலுக்கென்று பட்டயம் எதுவும் கிடையாது. பிராட் நியூபெர்க் என்கிற புரோகிராமர், 2005 ஆகஸ்ட் 9ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில், பெண்கள் கூட்டாக நடத்திவந்த ஒரு வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் இடம் பிடித்து மேசைகளைப் போட்டார். மாதம் 300 டாலர் வாடகை. முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. கம்பெனி வேலையில் கிடைக்கிற ஒழுங்கும் துணையும் வேண்டும், தனியாக வேலை செய்கிற சுதந்திரமும் வேண்டும் என்று தவித்த ஆள் அவர். தனக்குத் தேவைப்பட்டதைத்தான் அவர் செய்து பார்த்தார். இன்றும் ஆகஸ்ட் 9ஐ கோவொர்க்கிங் தினமாகக் கொண்டாடுகிறார்கள். 2017 செப்டம்பரில் நான் 40 சீட் போட்டுத் திறந்தபோது முதல் மாதம் வந்தவர்கள் மூன்றே பேர். அந்த நாட்களில் நியூபெர்க்கின் கதையைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வேன்.

அவருடைய தவிப்பு எனக்கும் பழக்கம்தான். ஸ்மார்ட்போன் வந்து பிரவுசிங் சென்டர் படுத்த பிறகு, 2013 முதல் நாலு வருஷம் வீட்டிலிருந்தே வெப்சைட் வடிவமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சம்பாத்தியம் மோசமில்லை. ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்குத் திடீரென்று உறைக்கும், காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று. கேஸ் சிலிண்டர் வந்தால் நான்தான் இறக்க வேண்டும், ரேஷனில் பருப்பு போட்டால் நான்தான் போக வேண்டும், "வீட்டுலதான இருக்குறே?" என்பார் அம்மா. எதிர்வீட்டுப் பெரியவர் பார்க்கும்போதெல்லாம், "தம்பி, இன்னும் வேலை ஒண்ணும் அமையலீங்களா?" என்று அக்கறையோடு விசாரிப்பார். கிளையன்ட் சந்திக்க வேண்டும் என்றால் அவினாசி ரோட்டில் ஒரு காபி கடை. இரண்டாவது காபியும் முடிந்துவிட்டால் எழுந்துதான் ஆக வேண்டும். இதையெல்லாம் அனுபவிக்காத ஒருவர் மேசை நாற்காலி எவ்வளவு உயர்வாகப் போட்டாலும், காலையில் வந்து உட்காருகிற ஆளுக்கு என்ன குறை என்று அவருக்குத் தெரியாது. "நல்லா இருக்கீங்களா, நேத்து அந்த வேலை முடிஞ்சுதா?" என்று கேட்கிற ஒருவர் இருப்பதற்காகவும்தான் மெம்பர்கள் மாதம் 5,000 ரூபாய் தருவது.

பிரவுசிங் சென்டர் எனக்குக் கொடுத்தது வேறு. ஒரு சம்பவம் சொல்கிறேன்.

2019 தொடக்கம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஹாலில் புரோகிராமர்கள் கூட்டம் ஒன்று நடந்தது. அறுபது பேருக்கு மேல். மறுநாள் விடுமுறை என்று திறக்காமல் விட்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் அவசர வேலை இருக்கிறது என்று சிலர் கேட்டிருந்ததால் ஞாயிறும் திறந்தேன். முதலில் வந்த இரண்டு பேருக்கு நெட் வந்தது. மூன்றாவதாக வந்த பையனுக்கு வரவில்லை. வைஃபை கோடு முழுசாகக் காட்டுகிறது, ஒரு பக்கமும் திறக்கவில்லை. நாலாவது ஆளுக்கும் அதே கதை. லீஸ்டு லைன் கொடுத்தவர்களுக்கு ஃபோன் போட்டேன். "லைன் சுத்தமா இருக்கு சார், உங்க பக்கம் பாருங்க" என்றார்கள். அந்தப் பையனுக்குப் பத்து மணிக்கு வெளிநாட்டுக் கிளையன்டோடு கால். மணி ஒன்பதரை.

அவன் லேப்டாப்பை வாங்கி ஐ.பி. முகவரி என்ன என்று பார்த்தேன். 169.254 என்று ஆரம்பித்தது. அதைப் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது. ரவுட்டர் முகவரி கொடுக்காதபோது கம்ப்யூட்டர் தானாகப் போட்டுக்கொள்கிற எண் அது. பிரவுசிங் சென்டரில் பத்து வருஷம் ஒவ்வொரு மானிட்டரின் மேலும் ஐ.பி. எண்ணை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டி வைத்திருந்தவன் நான். எண் தகராறு வந்து ஒரு மெஷின் படுத்தால் எது என்று உடனே பார்க்கலாம் என்பதற்காக. கோவொர்க்கிங் ஆரம்பித்தபோது ரவுட்டர் போட்டுக் கொடுத்தவர் மொத்தம் நூறு முகவரிதான் வைத்திருந்தார். ஒரு தடவை கொடுத்த முகவரி 24 மணி நேரத்துக்கு அதே ஆளின் பெயரில் கிடக்கும். எங்கள் மெம்பர்கள் ஒவ்வொருவரிடமும் லேப்டாப் ஒன்று, ஃபோன் ஒன்று. சனிக்கிழமை வந்த அறுபது பேரும் ஃபோனையோ லேப்டாப்பையோ எங்கள் வைஃபையில் இணைத்திருந்தார்கள். கூட்டம் முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய முகவரிகள் எங்கள் ரவுட்டரிலேயே உட்கார்ந்திருந்தன. தண்ணீர் இருக்கிறது, குடம் எல்லாம் தீர்ந்துபோயிற்று.

24 மணி நேரத்தை இரண்டு மணி நேரமாகக் குறைத்து, நூறை இருநூற்றைம்பது ஆக்கி, ரவுட்டரை நிறுத்திப் போட்டேன். ஒன்பது ஐம்பதுக்குப் பையனுக்கு நெட் வந்தது. அடுத்த வாரமே விருந்தினர்களுக்குத் தனி இணைப்பு போட்டு மெம்பர்களின் இணைப்பிலிருந்து பிரித்துவிட்டேன். அன்றைக்கு நெட்காரர்களை நம்பி, ஆள் வரட்டும் என்று கைகட்டி உட்கார்ந்திருந்தால் அவனுடைய கிளையன்டின் கண்ணில் அவன் பெயர் கெட்டிருக்கும். எங்கள் இடத்தில் ஒரு மணி நேரம் நெட் நின்றால் நஷ்டம் எனக்கில்லை, அவர்களுக்கு. இது தெரிந்துதான் இந்தத் தொழிலில் ஒருவர் கை வைக்க வேண்டும்.

ஃபோன் பேசுகிற சின்ன அறைகளுக்கு முதலில் தெர்மாகோல் ஒட்டி ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். தெர்மாகோல் சத்தத்தை உறிஞ்சாது. பிறகு கிளாஸ் வூல் வைத்து மேலே துணி இழுத்துக் கட்டினோம். இதெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயங்கள்.

கற்றுத்தர யாரும் இல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. எங்கள் முகவரியை வைத்து மெம்பர்கள் ஜி.எஸ்.டி. பதிவு எடுக்கிறார்கள். அதற்கு எங்கள் அக்ரிமென்ட், இ.பி. பில், சம்மதக் கடிதம் எல்லாம் கொடுக்கிறோம். ஒருநாள் அதிகாரி ஒருவர் நேரில் வந்தார். ஒரு பெயரைச் சொல்லி, "இவர் இங்கேதான் தொழில் பண்றாரா?" என்றார். "ஆமாங்க, பதினாலாம் நம்பர் சீட்டு. இப்பத்தான் டீ குடிக்கக் கீழே போனார்" என்றேன். அந்த மெம்பரின் பெயரும் பதிவு எண்ணும் எழுதிய பலகை வாசலில் இருக்கிறதா என்று பார்த்தார், வருகைப் பதிவேட்டைக் கேட்டார், நாற்காலியில் மாட்டியிருந்த பையைப் பார்த்தார். டீ குடித்துவிட்டு அவரும் வந்துவிட்டார். இருபது நிமிஷத்தில் முடிந்தது.

கொஞ்ச நாள் கழித்து ஒருவர் வந்தார். ஆறு கம்பெனிக்கு முகவரி மட்டும் வேண்டும், ஆள் யாரும் வரமாட்டார்கள், சீட் வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் மாதம் 3,000 தருகிறேன் என்றார். அந்த மாதம் எனக்கு இருபத்தொன்பது சீட் நிறைந்தால்தான் கையைக் கடிக்காது. இருபத்து மூன்றுதான் நிறைந்திருந்தது. 18,000 ரூபாய் பெரிய பணம். இவர்கள் யார், என்ன விற்கிறார்கள் என்று கேட்டேன். "அது உங்களுக்கு எதுக்குங்க?" என்றார். மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். மறுபடி அதிகாரி வந்து "இவர் இங்கேதானா?" என்று கேட்டால் பதிலுக்குக் காட்ட ஒரு நாற்காலியாவது வேண்டுமே. அப்படிச் சொல்ல முடியாத ஒரு பெயருக்காகப் பதினாலாம் நம்பர்காரருக்கு நான் சொன்ன "ஆமாங்க"வும் செல்லாமல் போய்விடும்.

அதிகாரி மட்டும் வந்து கேட்பார் என்றில்லை. ஒரு முகூர்த்த மாதத்தில் ஈரோட்டிலிருந்து பெரியவர்கள் நாலு பேர் வந்தார்கள். எங்கள் மெம்பர் ஒருவருக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். பெண் வீட்டார் இவர்கள். மாப்பிள்ளை எந்தக் கம்பெனிக்கும் போகாமல் தனியாகத் தொழில் செய்கிறார் என்பதால் நேரில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார்கள். "தம்பி எப்படிங்க?" என்றார் ஒரு மாமா. "பதினாலு மாசமா வர்றாருங்க. காலைல ஒம்பதுக்கு வந்தா சாயங்காலம் ஏழு வரைக்கும் வேலை. மாசம் அஞ்சாம் தேதிக்கு முன்னால பணம் கட்டிருவாரு. யாரோடயும் சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லீங்க. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதானுங்க" என்றேன். வருமானம் எவ்வளவு என்று கேட்டார்கள். அது எனக்குத் தெரியாது என்றேன். போகும்போது அந்த மாமா, "தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னீங்க பாருங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் நடந்தது. நாங்களும் போயிருந்தோம்.

இவ்வளவு சொல்கிறவன் செய்த தப்பையும் எழுதத்தான் வேண்டும். 2018 கோடையில் ஹாலில் ஏ.சி. பத்தவில்லை. மெம்பர்கள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு மெம்பரிடமும் இரண்டு மாத வாடகையை, 10,000 ரூபாயை, அட்வான்ஸாக வாங்கி வைத்திருந்தேன். வங்கிக் கணக்கில் அந்தப் பணம் இருந்தது. எடுத்து இரண்டு ஏ.சி. வாங்கிப் போட்டுவிட்டேன். அவர்களுக்காகத்தானே செலவு செய்கிறோம் என்று மனசு சமாதானம் சொன்னது. ஜூலையில் ஒரு பையன் ஹைதராபாத் போகிறேன் என்று கணக்கை முடித்தான். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டான். "அடுத்த வாரம்" என்றேன். அடுத்த வாரமும் அடுத்த வாரம் என்றேன். அவன் சத்தம் போடவில்லை. "சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான். அந்த "சரிங்கண்ணா" இன்றும் காதில் இருக்கிறது. நாற்பத்தோரு நாள் கழித்துத்தான் கொடுத்தேன். அதற்குள் விஷயம் ஹாலில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அந்த மாதம் இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள், காரணமும் சொல்லவில்லை.

என் மனைவி வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அடகு வைத்து, எடுத்த அட்வான்ஸ் பணம் முழுவதையும் ஒரு தனிக் கணக்கில் போட்டேன். அந்தக் கணக்கின் ஏ.டி.எம். கார்டை மனைவியிடம் கொடுத்துவிட்டேன். யார் பெயரில் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி, வரவேற்பு மேசையில் வைத்தேன். மெம்பர் யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்தது. பில்டிங் ஓனரிடம் நாங்கள் போட்டிருப்பது வருஷக்கணக்கு ஒப்பந்தம். மெம்பர்கள் எங்களோடு போட்டிருப்பது மாதக்கணக்கு. இந்தத் தொழிலின் அடிவயிற்றில் இருக்கிற வலி இதுதான். இதே தொழிலை 2010இல் ஆரம்பித்து உலகம் முழுவதும் பரவிய வீவொர்க், ஒரு காலத்தில் 4,700 கோடி டாலர் மதிப்புப் போடப்பட்ட கம்பெனி, 2023 நவம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கேட்டு நின்றது. நீண்ட குத்தகைகளின் பாரம் அதற்குப் பெரிய காரணம். அவ்வளவு பெரிய கம்பெனிக்கும் என் 2,400 சதுர அடிக்கும் கணக்கு ஒன்றேதான்: வரவு நின்றாலும் வாடகை நிற்காது.

ஏப்ரலில் முப்பத்தாறு பேருக்கும் நானே ஃபோன் போட்டேன். "எப்பத் திறப்போம்னு தெரியலீங்க. உங்க அட்வான்ஸை அனுப்பிடறேன்" என்றேன். மூன்று லட்சத்து அறுபதாயிரம். மூன்று நாளில் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. பொள்ளாச்சிப் பெண்ணின் நம்பருக்குப் போட்டபோது அவள் அப்பா எடுத்தார். "இருக்கட்டுமுங்க, புள்ள மறுபடி அங்கதான் வரப்போகுது" என்றார். வற்புறுத்தி அனுப்பினேன். ஓனருக்கு நான் கொடுத்திருந்த அட்வான்ஸிலிருந்து வாடகையைக் கழித்துக்கொள்ளச் சொல்லி மாதங்களை ஓட்டினேன். தளர்வு வந்து மறுபடி திறந்தபோது முதல் வாரத்தில் பத்தொன்பது பேர் திரும்பி வந்தார்கள். அவளும் வந்தாள், ஜன்னலோர ஏழாம் நம்பர் சீட்டுக்கே.

போன வருஷம் திருப்பூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். எம்.பி.ஏ. படித்தவர். அப்பாவின் பனியன் குடோன் ஒன்று காலியாக இருக்கிறது; அதைக் கோவொர்க்கிங் ஆக்க வேண்டும். ஆர்க்கிடெக்ட் போட்ட வரைபடத்தை என் மேசையில் விரித்தார். அழகான வரைபடம். "எனக்கு என்ன தகுதி வேணும்னு நினைக்கறீங்க?" என்று நேராகவே கேட்டார். சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்து, "ஒரு வாரம் காலைல எட்டரைக்கு வந்து நீங்க திறங்க தம்பி" என்றேன்.

வந்தார். திருப்பூரிலிருந்து தினமும் ஆறரைக்குக் கிளம்பி வந்தார். மூன்றாவது நாள் எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு; காலை ஒன்பதிலிருந்து கரன்ட் இல்லை. யு.பி.எஸ். கம்ப்யூட்டரையும் நெட்டையும் தாங்கும், ஏ.சி.யைத் தாங்காது. பத்தரைக்கு ஜெனரேட்டரில் டீசல் இறங்கிவிட்டது என்று கேனைத் தூக்கிக்கொண்டு பங்க்குக்கு ஓடினார். சட்டையெல்லாம் டீசல். அன்று மத்தியானம் ஏழாம் நம்பர் பெண் அவரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், நான் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரைபடத்தை மறுபடி விரித்தார். பேன்ட்ரிக்குப் பின்னால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்து ஒரே கழிப்பறை போட்டிருந்தது. பென்சிலை எடுத்து, வாசல் பக்கத்தில் நாலு சீட்டை அடித்துவிட்டு, அங்கே ஒரு சதுரம் வரைந்தார். உள்ளே தாழ்ப்பாளுக்கு ஒரு சின்னக் கோடு போட்டார். பிறகு நிமிர்ந்து, "ஜெனரேட்டரை எங்கண்ணா வைக்கறது? சத்தம் ஹாலுக்கு வரக் கூடாது" என்றார். வாங்க, எங்களுடையதைப் பார்ப்போம் என்று மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.